பேரை மட்டும் மாற்றிவிடலாம் என்று நீ சொன்னதற்கு

அன்புள்ள அருளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு யோசனை சொன்னாய். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று நான் வைத்துவிட்டேன். அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. மாதா கோவிலில் பூசை முடிந்து வரும் வழியில் அப்பா ஓட்டலில் இட்லி வாங்கி வந்திருந்தார். உனக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். பேச்சுக்குத் திணறுகிற ஆள் இல்லை உன் அம்மா என்று உனக்கே தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு பலரும் படிக்கப்போகிறார்கள். அது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ அரசாங்கத்தில் பொறியாளர். இத்தனை வருடம் வெளி மாவட்டங்களில் சுற்றிவிட்டு அடுத்த மாதம் புதுக்கோட்டைக்கே மாற்றலாகி வருகிறாய். ரோடு, சிறு பாலம், அங்கன்வாடிக் கட்டடம், தண்ணீர்த் தொட்டி என்று இங்கே எந்த வேலைக்கு டெண்டர் விட்டாலும் அதைத் திறந்து பார்த்து, யாருக்குக் கொடுப்பது என்று எழுதுகிற நாற்காலி உனக்கு. நான் இதே மாவட்டத்தில் அந்த வேலைகளை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர். மகன் டெண்டர் திறக்கிற ஆபீசில் தாய் டெண்டர் போடக் கூடாது என்பது விதி. நல்ல விதி. அதற்கு நீ கண்டுபிடித்த வழி, நான் என் லைசென்சை விட்டுவிட்டு, ஆலங்குடியில் இருக்கிற என் தங்கை, உன் சித்தி பேரில் புதிதாக ஒன்று எடுப்பது. "விதியில அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ள, கூடப்பொறந்தவங்கன்னுதாம்மா இருக்கு. சித்தின்னு இல்ல. பேரை மட்டும் மாத்திரலாம். வேலைய எப்பவும் போல நீங்களே பாருங்க" என்றாய். என் பிழைப்பு போய்விடக் கூடாதே என்ற பாசத்தில்தான் சொன்னாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த லைசென்ஸ் என் பேருக்கு எப்படி வந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், அவர் பேரில் எடுக்க முடியாது. கான்ட்ராக்ட் தொழில் செய்தது உன் சித்தப்பா. அவர் ஏதோ ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததால் அவர் பேரை ஆபீசில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் நான் தையல் மெஷினில் உன் கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த மெஷின்மேலேயே கொண்டுவந்து காகிதத்தை வைத்தார்.

"மதினி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு தம்பி?"

"சும்மா பேருக்குத்தான். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். வீட்டுல எப்பவும் போல இருங்க."

"படிச்சுப் பாக்கட்டுமா?"

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு மதினி" என்றார். நான் பத்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவள்தான். ஆனாலும் படிக்காமல் போட்டேன். மெஷினில் நூல் சிக்கியிருந்தது, அந்தக் கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதே வருடம் உன் பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அப்பா 'இல்லத்தரசி' என்று அழகாக எழுதினார். அந்தப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரைக் கட்டியதே காகிதத்தின்படி நான்தான். உன்னைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போவேன். அதை நான் கட்டியதாக இருக்கிறது என்பது எனக்கே பிறகுதான் தெரிய வந்தது.

இப்படிச் சில வருடங்கள் போயின. பிறகு ஆபீசுக்கு ஓர் அதிகாரி புதிதாக வந்தார். கையெழுத்துப் போடுகிற ஆளை நேரில் பார்க்காமல், விலை எழுதிய டெண்டர் கவரை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா வேறு வழியில்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் டெண்டர் பெட்டியை முதல்முதலாகப் பார்த்தேன். ஒரு மேசைமேல் பூட்டு போட்டு, அரக்கு வைத்து, கோவில் உண்டியல் மாதிரி இருந்தது. அதைச் சுற்றி ஏழெட்டு ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காவலுக்கு நிற்கிறார்கள் போலிருக்கிறது, அரசாங்கம் எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியூரிலிருந்து எவனாவது கவரோடு வந்தால் பெட்டிப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் நிற்பதற்குக் காரணம் என்று சித்தப்பா என் காதில் சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

எந்த வேலை யாருக்கு என்பதைக் கான்ட்ராக்டர்கள் முன்னமே ஓர் ஓட்டல் மாடியில் பேசி முடித்துவிடுவார்கள். வேலைகளின் பேரைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். சீட்டு விழுந்தவர் ஒரு விலை போடுவார். மற்றவர்கள் அவருக்குத் துணையாக அதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். பார்க்கிறவருக்குப் பலமான போட்டி நடப்பது போலவே இருக்கும். சண்டை சச்சரவு கிடையாது, ரொம்ப மரியாதையான ஆட்கள். யார் வீட்டில் கல்யாணம் வருகிறதோ அவருக்குச் சீட்டு எடுக்காமலே பெரிய வேலையாக விட்டுக்கொடுப்பது அங்கே ஒரு வழக்கம். உன் அக்கா கல்யாணத்துக்கு நமக்கு ஒரு தார் ரோடு விட்டுக்கொடுத்தார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. ரோடு முதல் மழைக்குத் தாங்கவில்லை. இதையெல்லாம் நான் பாவசங்கீர்த்தனமாகச் சொல்லவில்லை. சாமியாரிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லியாகிவிட்டது. நீ உட்காரப்போகிற நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு ஆன்லைன் டெண்டர் வந்தது. எங்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்காரவைத்து, திரையில் படம் காட்டி, இனிமேல் பெட்டி இல்லை, கவர் இல்லை, யார் போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, வீட்டிலிருந்தே போடலாம், ஒளிவுமறைவே கிடையாது என்றார்கள். எல்லாரும் கைதட்டினோம். ஆளுக்கு ஒரு டோக்கன் வாங்கச் சொன்னார்கள். பென்டிரைவ் மாதிரி இருக்கும், அதற்குள் நம் கையெழுத்து இருக்கிறது, பாஸ்வேர்டு போட்டால் டெண்டரில் அந்தக் கையெழுத்து விழும். தாலி மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று படம் காட்டிய அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் அதை எவ்வளவு பத்திரமாக வைத்தோம் தெரியுமா? திருக்கோகர்ணத்தில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சேகர் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவருடைய கடைச் சுவரில் ஒரு பலகை. பலகையில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒருத்தருடைய டோக்கன். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேலேயே பாஸ்வேர்டு. மாவட்டத்துக் கான்ட்ராக்டர்களில் முக்கால்வாசிப் பேருடைய கையெழுத்து அந்தச் சுவரில் தொங்கியது. என்னுடையதும்தான். ஓட்டல் மாடியில் சீட்டு எடுத்து முடித்ததும் சேகருக்கு ஒரு போன் போகும். அவர் ஒவ்வொரு டோக்கனாகச் செருகி, யார் யாருக்கு எவ்வளவோ அவ்வளவு போட்டு ஏற்றிவிடுவார். பெட்டியைச் சுற்றி ஆள் நிறுத்துகிற செலவும் மிச்சமானது. அரசாங்கம் பெட்டியை எடுத்தது, நாங்கள் அதைச் சேகர் கடையில் கொண்டுபோய் வைத்தோம். இதில் எங்களுக்கு எந்த உறுத்தலும் இருந்ததாக ஞாபகம் இல்லை, வேலை சுலபமானது என்றுதான் சந்தோஷப்பட்டோம்.

அப்படி இருக்கும்போதுதான் கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏலக்கூடம் கட்டுகிற வேலை வந்தது. நீ அப்போது சென்னையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அந்த வேலை பெரியவர் ஒருவருக்கு என்று முடிவாகியிருந்தது. அவர் பேரை எழுதவில்லை, அவருக்கே தெரியும். நான் அவருக்குத் துணைக்குப் போடுகிற ஆள். சேகர் அவசரத்தில் டோக்கனை மாற்றிச் செருகிவிட்டார். பெரியவருடைய விலை என் பேரில் ஏறிவிட்டது, என் விலை பெரியவர் பேரில் ஏறிவிட்டது. டெண்டர் திறந்தபோது குறைந்த விலை என்னுடையது. என் போனுக்கு மெசேஜ் வந்தது. நான் ஏதோ கேஸ் சிலிண்டர் புக்கிங் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் பெரியவரே ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார், பின்னாலேயே சித்தப்பாவும்.

"தங்கச்சி, சேகர் பய கை தவறிப் போட்டுட்டான். நடந்தது நடந்துபோச்சு. வேலைய நான் பாத்துக்கிறேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க, போதும்" என்றார் பெரியவர்.

"வேலை எந்த ஊருலண்ணே?"

"கோட்டைப்பட்டினம். கடக்கரையில. அங்கிட்டெல்லாம் நீங்க எங்க போயி..."

"பஸ் போகுதுல்ல?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "மதினி, வெளையாடாதீங்க. நமக்கு அதெல்லாம் ஒத்து வராது" என்றார். அப்பா அதுவரை பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. அப்போதுதான் அதை மடித்து வைத்துவிட்டு, "அறந்தாங்கியில எறங்கி வேற பஸ் மாறணும்" என்றார். அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அன்றைக்கு அது எனக்குப் போதுமாக இருந்தது. ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஹார்லிக்சை மறந்துபோய் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. பெரிய இலட்சியம் எதுவும் இல்லை. 'கையெழுத்து மட்டும்' என்று இன்னொரு முறை கேட்டதும் எரிச்சலாக வந்தது. அதுதான் நிஜம். அந்த எரிச்சலிலேயே அறந்தாங்கியில் பஸ் மாறி, கோட்டைப்பட்டினத்தில் இறங்கி, மேஸ்திரி பிடித்து, கம்பி வாங்கி, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்து மேஸ்திரியோடு சண்டை போட்டு, அந்தக் கூடத்தைக் கட்டினேன். கட்டுமானத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றதுதான். தரைக்கு வரும்போதுதான் சிக்கல். ஆபீசில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் என்று இருந்தது. வேறு எங்கோ ஓர் ஆபீஸ் கட்டடத்துக்குப் போட்ட எஸ்டிமேட்டை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே தெரிந்தது. மீன் கூடையைத் தரையில் இழுக்கிற இடத்தில், எப்போதும் தண்ணீரும் செதிலும் கிடக்கிற இடத்தில் டைல்ஸ். வேலையை மேற்பார்வை பார்த்த இன்ஜினியரிடம் சொன்னேன். "மேடம், எஸ்டிமேட்ல என்ன இருக்கோ அதப் போடுங்க. மாத்துனா ஆடிட்ல எனக்குத்தான் கேள்வி வரும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கேள்விக்குப் பயந்தவர். நானும் பில் வர வேண்டுமே என்று பேசாமல் போட்டுவிட்டேன்.

திறப்பு விழா முடிந்த சில நாட்களில் பாத்திமா என்று மீன் வாங்கி விற்கிற அம்மா ஒருவர் கூடையோடு வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கடைசி பில்லுக்கு அளவு எடுக்கப் போனபோது மாவுக்கட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானா இதக் கட்டுனது?"

"ஆமாங்க்கா."

"பாக்க நல்லாத்தான் இருக்கு. நடக்கத்தான் முடியல."

"எஸ்டிமேட்ல அப்புடித்தான் இருந்துச்சுக்கா."

"அத எழுதுனவரு இங்கிட்டு வந்து பாத்தாரா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் டேப்பை விரித்து அளவெடுக்க ஆரம்பித்தேன். காகிதத்தின்படி அந்தத் தரையில் ஒரு குறையும் இல்லை, பில் ஒரு வெட்டும் இல்லாமல் வந்தது. அங்கே இப்போதும் கோணிச்சாக்கை விரித்துத்தான் நடக்கிறார்கள். மீமிசல் பக்கம் போகும்போதெல்லாம் நான் அந்த ஊரில் இறங்காமல் வந்துவிடுவேன்.

அங்கிருந்து திரும்பிய கையோடு சேகர் கடைக்குப் போய் என் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்தேன். "என்னக்கா, எம்மேல கோவமா? தெரியாம நடந்துபோச்சு" என்று அவர் பதறினார். கோபமெல்லாம் இல்லை, வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது என்றேன். நீ கொடுத்துவிட்டுப் போன பழைய லேப்டாப்தான். அம்மா படம் பார்க்கட்டும் என்று கொடுத்தாய். நான் அதில் டெண்டர் ஏற்றப் பழகினேன். எந்தப் பக்கத்தில் எதை அழுத்த வேண்டும் என்று போனில் நீதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய், எதற்கு என்று கேட்காமலே. கடைசி நேரத்தில் அந்த வெப்சைட் சுற்றிக்கொண்டே நிற்கும்போது செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரொம்ப நாளைக்கு எனக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லை. நான் போடுகிற வேலையிலெல்லாம் என்னை விரட்டவென்றே அடிமாட்டு விலைக்குப் போட்டார்கள். ஆனால் அருள், ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள். பெட்டி இருந்த காலத்தில் ஒரு டெண்டரில் தோற்க வேண்டுமென்றாலும் நான்கு ஆம்பளைகளிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்போது யாரையும் கேட்காமல் என் வீட்டில் உட்கார்ந்து என் விலையை நானே போட்டு நானே தோற்றேன். அதற்குப் பிறகு ஆவூர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடிக் கட்டடம் கிடைத்தபோது, ஜெயித்தது நான் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் கம்ப்யூட்டரால் ஒன்றும் மாறாது என்று என்னிடம் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி எல்லாம் சுத்தம் என்று சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி உன் நாற்காலிக்கு வருகிறேன். டெண்டர்களைத் திறக்கும்போது விலையை மட்டும் பார்க்காதே. வெவ்வேறு ஆட்கள் போட்டதில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருக்கிறதா, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்திலிருந்து ஏறியிருக்கிறதா என்று பார். சேகர் மாதிரி ஆட்கள் நல்ல உழைப்பாளிகள், வரிசையாக உட்கார்ந்து ஏற்றுவார்கள், அதிலேயே தெரிந்துவிடும். ஒரே ஆள் மட்டும் போட்டிருந்தால் உடனே ரத்து செய்துவிட்டுக் கை கழுவாதே, மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று நாலு பேருக்குப் போன் போட்டுக் கேள். பெரும்பாலும் காரணம் ஆபீஸ் பக்கம்தான் இருக்கும். இத்தனை வருடம் இதே மாதிரி வேலை செய்திருக்க வேண்டும், இன்ன மெஷின் சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகளைப் படித்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் ஒரே ஓர் ஆளின் முகம் தெரியும். அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. என்னை ஒருமுறை 'தகுதியில்லை' என்று ஒரே வார்த்தையில் தள்ளினார்கள். என்ன தகுதி இல்லை என்று கேட்டு ஆபீசுக்கு அலைந்தேன், யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். தோற்றதற்கு நான் ஒருபோதும் அழுததில்லை, அன்றைக்கு அழுதேன். நீ யாரைத் தள்ளினாலும் தள்ளு, ஆனால் காரணத்தை எல்லாரும் பார்க்கிற இடத்தில் முழு வாக்கியமாக எழுதிப் போடு.

ரொம்பக் குறைந்த விலை வந்தால் சந்தோஷப்படாதே. கூப்பிட்டு, இந்த விலைக்கு எப்படிக் கட்டுவாய் என்று கேள். சொல்லத் தெரிந்தால் கொடு. சிமெண்டிலா கம்பியிலா எதில் கை வைக்கப்போகிறான் என்பது அவன் பதில் சொல்கிற விதத்திலேயே தெரியும். எஸ்டிமேட் எழுதுவதற்கு முன்னால் யாராவது அந்த இடத்துக்குப் போய்விட்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டாக்கு. எழுதிய பிறகு தப்பு என்று தெரிந்தால், அதைத் திருத்துகிற இன்ஜினியரை ஆடிட் கேள்வியில் தனியாக மாட்டவிடாதே, நீயும் சேர்ந்து கையெழுத்துப் போடு. முக்கியமாக, வேலை முடித்தவனுக்குப் பணத்தை இழுத்தடிக்காமல் கொடு. பில் எப்போது வரும் என்று தெரியாத ஆபீசுக்குச் சின்ன ஆட்கள் டெண்டர் போட மாட்டார்கள். காத்திருக்க வசதி உள்ளவன் மட்டும்தான் வருவான், அவன் காத்திருந்த வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவான். போட்டியே இல்லை என்று மேலிடத்துக்கு நீ அறிக்கை எழுதிக்கொண்டிருப்பாய். உனக்கு இதெல்லாம் பயிற்சியில் இன்னும் நல்ல வார்த்தைகளில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் அறந்தாங்கியில் பஸ் மாறியிருக்க மாட்டார்கள்.

இப்போது உன் யோசனை. விதிப் புத்தகத்தில் சித்தி இல்லை என்று நீ சொன்னது சரிதான், நானும் எடுத்துப் பார்த்தேன், இல்லை. நீ வந்து உட்காருவதற்கு முன்னாலேயே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாய். என் வயிற்றில் பிறந்தவன், கெட்டிக்காரன்தான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் போனை வைத்தேன். உன் சித்தி என்ன செய்வாள் தெரியுமா? நீ காகிதத்தை நீட்டினால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அக்காவுக்குத்தானே" என்று படிக்காமல் போட்டுவிடுவாள். நான் போட்டது மாதிரியே. நீ சொன்ன வார்த்தைகளை நினைத்துப் பார். பேரை மட்டும். எப்பவும் போல. உன் சித்தப்பா தையல் மெஷின்மேல் காகிதத்தை வைத்துச் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அவரும் குடும்பத்துமேல் பாசத்தில்தான் சொன்னார். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதல் டெண்டரைத் திறக்கும்போது அதில் உன் சித்தி பேர் இருக்கும். அது நான்தான் என்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டுமா தெரியும், பெரியவருக்குத் தெரியும், சேகருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ யாரிடம் போய் ஒரே எழுத்துப்பிழை எப்படி வந்தது என்று கேட்பாய்? "விடுங்க சார், நமக்குள்ள என்ன" என்பார்கள். நீ சிரித்து வைக்க வேண்டியிருக்கும்.

இந்த மாற்றலே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். வா. இந்த மாவட்டத்தைத் தெரிந்த ஆள் அந்த நாற்காலிக்குத் தேவைப்படுகிறார். செவ்வாய்க்கிழமை நான் ஆபீசுக்குப் போய் லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்த தம்பிக்கு முதலில் புரியவே இல்லை.

"யாரு பேருக்கும்மா எடுக்கப் போறீங்க?"

"யாரு பேருக்கும் இல்லப்பா."

"மகனுக்கா? மருமகளுக்கா?"

"யாருக்கும் இல்ல. நான் விட்டுட்டேன்."

"வேலைதான் கைவசம் இருக்கேம்மா, நல்லாத்தானே பண்றீங்க? அப்புறம் எதுக்குக் குடுக்குறீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். என் மகன் இங்கே வருகிறான் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை, மகன் வருகிற நேரத்தில் யாராவது விடுவார்களா என்பது போலப் பார்த்தார். வெளியே வந்து டவுன் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். கான்கிரீட்டைத் தாங்குகிற சென்டரிங் பலகையைப் பிரிக்கிற அன்றைக்கு அடியில் போய் அண்ணாந்து பார்ப்பேனே, அது பிடிக்கும். மேஸ்திரியோடு சண்டை போடுவது பிடிக்கும். இனி காலையில் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் துணையாகப் பேப்பர் படிக்கலாம் என்றால் அவர் இரண்டு பக்கத்தையும் தானே பிடித்துக்கொள்கிறார். அதற்காக நீ வருத்தப்பட வேண்டியதில்லை. நான் விட்டது உனக்காகத்தான், ஆனால் என்னைக் கேட்டுத்தான் விட்டேன்.

இதைத் திறந்த கடிதமாக எழுதுவதற்குக் காரணம் இதுதான். உன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கப்போகிறவர்களுக்கு உன் அம்மாவிடம் லைசென்ஸ் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். அவள் தங்கையிடமும் இல்லை, அவள் கொழுந்தனிடமும் இல்லை. நம் வீட்டு ஆள் யாராவது வேறு பேரில் டெண்டர் போட்டிருப்பதாக யாருக்காவது தெரிந்தால் அவர்கள் தாராளமாகச் சத்தம் போட்டுச் சொல்லலாம். நீ அதைத் தள்ளு, குறைந்த விலையாக இருந்தாலும் தள்ளு, காரணத்தை முழு வாக்கியமாக எழுது.

கடைசியாக ஒன்று. ஆவூர் போகிற வழியில், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துவாரிக்குக் குறுக்கே நான் கட்டிய சிறு பாலம் இருக்கிறதே, அதுதான் என் கடைசி வேலை. வேலை முடிந்தாலும் குறிப்பிட்ட காலம் வரைக்கும் அதில் என்ன பழுது வந்தாலும் கட்டியவரே சரிசெய்து கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். லைசென்சை விட்டாலும் அந்தப் பொறுப்பு போகாது, ஆபீஸ் தம்பியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். நீ வந்ததும் முதல் வேலையாக, இது என் தாய் கட்டிய பாலம், இந்த ஃபைலை நான் பார்க்கக் கூடாது என்று எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிடு. கிழக்குப் பக்கச் சுவர் ஓரமாக மழையில் மண் இறங்கும் என்று எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது. இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். மழை விட்டதும் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொள். பழுது இருந்தால், அம்மாதானே, போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. முறையாக நோட்டீஸ் வர வேண்டும். அதில் உன் கையெழுத்து இருக்கக் கூடாது. ஒப்பந்ததாரர் என்ற இடத்தில் என் முழுப் பெயர் இருக்க வேண்டும். நானே மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரிசெய்து கொடுப்பேன். அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் மாதிரி இல்லை இது. அது நான் கட்டிய பாலம்.

முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா